காப்பிக்கலர் பட்டி

மதினி யார் தச்சதையும் திருப்பிக் குடுத்து நான் பார்த்ததில்ல. கோணலாத் தச்சிருந்தாலும் சரி, ஒரு பக்கம் இழுத்து ஒரு பக்கம் சுருங்கிக் கெடந்தாலும் சரி, வாங்கி மடியில போட்டு ரெண்டு கையாலயும் நீவி விடுவாங்க. "இருக்கட்டும், பார்த்துக்கலாம்"ன்னு பக்கத்துல வச்சிருவாங்க. தச்சவ நிம்மதியாப் போயிருவா. பார்த்துக்கிற பாடு மதினிக்கு.

எனக்கு இது ஆரம்பத்துலேருந்தே ஆகாது. அந்தத் தையல் வகுப்புக்கு நான்தான் பொறுப்பு. ஓ லெவல் வரைக்கும் படிச்சவளாச்சேன்னு என் கையில ஒரு ரிஜிஸ்டரையும் சாவியையும் குடுத்திருந்தாங்க. "பிரிச்சுத் தைக்கச் சொன்னாத்தானே அடுத்த தடவை ஒழுங்காத் தைப்பாளுக? எல்லாத்தையும் நீங்களே சரிக்கட்டிக்கிட்டிருந்தா வெளங்குமா?"ன்னு கேப்பேன். "அவ மலையிலேருந்து எறங்கி, கால்ல இருக்கிற அட்டையைக்கூட ஒழுங்காப் பிடுங்காம வந்து உக்காந்து தச்சிருக்கா புள்ள. அவகிட்டப் போயிப் பிரின்னு எப்படிச் சொல்ல?"ம்பாங்க. நான் ரிஜிஸ்டரை எடுத்துக்கிட்டுப் போயிருவேன். சொல்லிப் பிரயோசனமில்லன்னு தெரியும்.

மதினின்னா எனக்குச் சொந்தம் ஒண்ணும் இல்ல. அக்கரப்பத்தனைக்கு மேல எங்க தேயிலைத் தோட்டம். மேட்டு லயத்து வரிசை வீட்டுல எங்க காம்பராவுக்கு அடுத்த காம்பரா அவங்களோடது. அவங்க கல்யாணமாகி வந்த அன்னைக்கு எங்கம்மா "ஒனக்கு மதினி முறை"ன்னு சொன்னாங்க, அதோட சரி. என்னைவிட ஆறேழு வயசு மூப்பு. மெலிஞ்ச ஒடம்பு. கொழுந்துக் கூடைக் கயித்தை வருசக்கணக்கா உச்சந்தலையில மாட்டிச் சுமந்ததுல, அந்த எடத்துல ரெண்டு விரல் அகலத்துக்கு முடி தேஞ்சு போயிருக்கும். தைக்க உக்காந்தா முந்தானையால அதை மூடிக்குவாங்க. நெஞ்சுல இழுப்பு வேற. மழைக்காலத்துல சுவருக்கு அந்தப் பக்கம் அவங்க மூச்சு இழுக்கிற சத்தம் எங்க வீட்டுக்குக் கேக்கும். நனையக் கூடாதுன்னு தோட்டத்து டிஸ்பென்சரியில சொல்லியிருந்தாங்க. எங்க பக்கம் வருசத்துல பாதி நாள் மழை. நனையாம எப்படிக் கொழுந்து பறிக்கிறதுன்னு அதையும் டிஸ்பென்சரிக்காரங்களே சொல்லியிருக்கலாம்.

பீலிக்கரையில நடந்த ஒரு சமாசாரம் ஞாபகம் இருக்கு. மேட்டு லயத்துக்கும் கீழ இருக்கிற பணிய லயத்துக்கும் தண்ணி பிடிக்க ஒரே பீலி. விடிய முந்தியே குடங்க வரிசையா நிக்கும். அன்னைக்கு எங்க பக்கத்துக்காரி ஒருத்திக்கும் பணிய லயத்து சரோஜாவுக்கும் சண்டை, யார் குடம் முந்தி வந்ததுன்னு. பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்துட்டாளுக. முந்தி வந்தது உண்மையில மதினியோட குடம். மதினி பேசாமத் தன் குடத்தைத் தூக்கிக் கடைசியில கொண்டு போயி வச்சுட்டு, "என் குடந்தான் எடத்தை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. இப்ப ரெண்டு பேரும் வைங்க"ன்னாங்க. ரெண்டு பேருக்கும் மூஞ்சி செத்துப் போச்சு, சண்டை நின்னுச்சு. ஆனா மதினி தண்ணி கொண்டு போயி, சோறு கட்டி, பேர் கூப்புடுற பெரட்டுக்களத்துக்கு ஓடுறப்ப ஆளுகளை மலைக்கு அனுப்பி முடிச்சிருந்தாங்க. கணக்கப்புள்ளை திட்டுன திட்டு கொஞ்சமில்ல. அன்னைக்கு அவங்களுக்கு அரப்பேரு, பாதி நாள் சம்பளந்தான் விழுந்துச்சு. சரோஜாவுக்கு முழுப்பேரு.

"ஒங்களுக்கு வாயே இல்லையா மதினி?"ன்னு கேட்டேன்.

"இருக்கு புள்ள. எதுக்கு அதைப் போட்டுத் தேச்சுக்கிட்டு?"

வீட்டுலயும் இதே கதைதான். புருசன் சம்பளத்தன்னைக்கு டவுனுக்குப் போனார்னா ரெண்டு நாள் கழிச்சுத்தான் வருவார். மாமியார் கேட்டா, "பேக்டரியில மாத்தாளுக்கு நிப்பாட்டிட்டாங்களாம் அத்தை"ன்னு சொல்லுவாங்க. அவர் தள்ளாடிக்கிட்டு வந்து நின்னா, "அத்தை ஒங்களை நெனைச்சு வாயில பச்சத் தண்ணி படலைங்க"ம்பாங்க. கெழவி வயிறு நெறையச் சாப்புட்டுட்டு மகனை மண்ணை வாரித் தூத்திக்கிட்டுல்ல இருந்துச்சு, சுவரு வழியா எனக்குத்தான் எல்லாம் கேட்டுச்சே. ரெண்டு பக்கமும் இப்படிப் பொய் சொல்றீங்களேன்னு ஒரு நாள் கேட்டுட்டேன். மதினி சிரிச்சாங்க. "பொய் என்னா புள்ள. ரெண்டும் முட்டிக்காம நடுவுல கொஞ்சம் எடம் விட்டு வைக்கிறேன்"ன்னாங்க. ஒரு தடவை அந்த மனுசன் ஆத்தாளைப் பார்த்துத்தான் வெறகுக்கட்டையை ஓங்குனார். நடுவுல நின்ன மதினி தோள்ல விழுந்துச்சு. மறுநாள் அந்தத் தோளோட கூடை தூக்கிக்கிட்டு மலைக்குப் போனாங்க. எனக்குப் பாவமா இருந்ததைவிட எரிச்சலாத்தான் இருந்துச்சு. இப்படியும் ஒரு மனுசி இருப்பாளான்னு.

எங்க தையல் வகுப்பு நடந்தது கோயிலுக்குப் பின்னால ஒரு பழைய காம்பராவுல. நடுவுல பலகை அடிச்சு ரெண்டாத் தடுத்திருந்துச்சு. முன் பக்கம் மூணு மெஷின், பின் பக்கம் ஒரு அடுப்பு. வேலை விட்டு வந்து ஒரு மணி நேரம், ஞாயித்துக்கிழமை பகல். ஹட்டன் டவுன்ல இருந்த ஒரு சின்ன நிறுவனம்தான் மெஷின் குடுத்துச்சு. மாசத்துக்கு ஒரு தடவை அங்கேருந்து மிஸ் வருவாங்க. யாழ்ப்பாணத்துக்காரங்க, சண்டையில எடம்பெயர்ந்து வந்தவங்க. எதையும் அளந்துதான் பேசுவாங்க, அளந்துதான் பார்ப்பாங்க.

தொண்ணூறுகளோட நடுவுல ஒரு நாள் மிஸ் ஒரு படத்தைக் கொண்டு வந்து காட்டுனாங்க. வெளிநாட்டுல போத்துற போர்வை. சின்னச் சின்னத் துணியை ஒட்டுச் சேர்த்துக் கட்டம் கட்டமாத் தச்சு, அந்தக் கட்டங்களை எல்லாம் ஒண்ணாப் பொருத்துனது. இருபது பேர் ஆளுக்கு ஒரு கட்டம் தைக்கணும், ஒவ்வொண்ணும் பன்னெண்டு இஞ்சு சதுரம்னாங்க. நல்லா வந்தா இன்னொரு சங்கதியும் இருக்குன்னாங்க. ஹட்டன்ல தையல் பழக்க ஒரு எடம் தெறக்கப் போறாங்க. அதுக்கு எங்க தோட்டத்துலேருந்து ஒரே ஒரு ஆளை மாசச் சம்பளத்துக்கு எடுப்பாங்க. போர்வையைப் பார்த்துட்டுத்தான் யாருன்னு முடிவு பண்ணுவாங்க.

கூரைக்குக் கீழ வேலை. மிஸ் போனதுக்கப்புறம் எல்லாரும் மெஷினையே பார்த்துக்கிட்டு இருந்தோம். நானும் அப்ப செக்ரோல்ல பேர் பதிஞ்சு மலைக்குப் போறவதான். என் புள்ளைக்கு ஒன்றரை வயசு. காலையில இருட்டோட புள்ளக்காம்பராவுல கொண்டு போயி விட்டுட்டு ஓடுவேன். அது அழுகுற சத்தம் பெரட்டுக்களம் வரைக்கும் பின்னாலயே வரும். எனக்கும் அந்த வேலை வேணும்னு இருந்துச்சு. இதை மறைச்சுப் பேசி ஆகப் போறது ஒண்ணுமில்ல.

இப்ப என்னோட முட்டாள்தனத்தைச் சொல்லணும். மிஸ் குடுத்தது ஒரே ஒரு அளவுத்தாள், பேப்பர்ல வெட்டுன பன்னெண்டு இஞ்சு சதுரம். இருபது தாள் வெட்டி ஆளுக்கு ஒண்ணு குடுத்திருக்கணும். நான் சோம்பல்பட்டு, மேட்டு லயத்து முதல் வீட்டுல அதைக் குடுத்து, "இதே மாதிரி ஒண்ணு வெட்டிக்கிட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்புங்க"ன்னு சொல்லிட்டேன். அவ என்னா செஞ்சா, நான் குடுத்ததைத் தனக்கு வச்சுக்கிட்டு, தான் வெட்டுனதை அடுத்தவளுக்கு அனுப்பியிருக்கா. அடுத்தவளும் அப்படியே. எல்லாரும் சோப்புக் கட்டியால கோடு கிழிச்சுக் கோட்டுக்கு வெளியில வெட்டியிருக்காளுக. ஒருத்திகிட்ட கூடுனது அரை நூல்தான் இருக்கும், எட்டு நூல் சேர்ந்தாத்தான் ஒரு இஞ்சு. ஆனா இருபது வீடு எறங்கிப் பணிய லயத்துக் கடைசி வீட்டுக்குப் போறப்ப, பன்னெண்டு இஞ்சு பதிமூணேகாலா வளர்ந்து போச்சு. தேயிலைச் செடி மேல மட்டக்கம்பை வச்சு ஒரு எலை தூக்கலா இல்லாமப் பறிக்கிறவளுக. தாள்னு வந்ததும் இந்தக் கூத்து.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் கட்டமெல்லாம் வந்து சேர்ந்துச்சு. திங்கக்கிழமை மிஸ் வர்றாங்க. தரையில பரப்பிப் பார்த்தேன். ஒண்ணோட ஓரம் இன்னொண்ணுக்குச் சேரல. மூணு கட்டத்தைச் சேர்த்தா நாலாவது முழிச்சுக்கிட்டு நிக்குது. யாருன்னு கேட்டா என் பேருதான் வரும், நான் அனுப்புன தாள். கத்தரியை எடுத்தேன். மொதல்ல கைக்கு வந்தது சரோஜாவோட கட்டம், இருக்கிறதுலயே பெருசு. மஞ்சள் துணியில எட்டு மொனை வச்ச நட்சத்திரம், மொனை எல்லாம் சரியா ஓரத்தைத் தொட்டுக்கிட்டு நின்னுச்சு.

பக்கத்துல இருந்த மதினி என் மணிக்கட்டைப் பிடிச்சாங்க. அவங்க யார் கையையும் அப்படிப் பிடிச்சு நான் பார்த்ததில்ல.

"என்னா செய்யப் போற?"

"எல்லாத்தையும் பன்னெண்டுக்கு வெட்டப் போறேன். வேற வழியில்ல."

"வெட்டுனா அவ நட்சத்திரத்துக்கு மொனை இருக்காதே."

"மொனை இல்லாட்டி என்னா, கொள்ளையா போகுது? அளவு தப்புன்னா மிஸ் என்னைத்தான் ஏசுவாங்க."

"பெருசை எதுக்குச் சிறுசாக்குற? சிறுசுக்குப் பட்டி வச்சுப் பெருசாக்கிருவோம்."

கார்மெண்ட்ஸ்ல மிஞ்சுனதுன்னு கிலோக் கணக்குல வாங்குன துணி மூட்டையில, காப்பிக்கலர் துணி ஒரு சுருள் கெடந்துச்சு. சேத்து நெறம், யாரும் சீண்ட மாட்டாங்க. மதினி அதை இழுத்துப் போட்டாங்க. கத்தரி வச்சது அந்தத் துணியில மட்டும்தான்.

ஞாயித்துக்கிழமை பகல் முழுக்க ரெண்டு பேரும் வேலை பார்த்தோம். வேலை பார்த்தோம்னு சொல்றேன், நான் செஞ்சது ஊசியில நூல் கோத்ததும் மொனகுனதும்தான். மதினி மொதல்ல கட்டங்களைப் பெருசு சிறுசா அடுக்குனாங்க. அப்புறம் ஒரு வரிசைக்கு நாலா, பெருசும் சிறுசும் கலந்து வச்சாங்க. பெருசெல்லாம் ஒரே வரிசையில நின்னா மத்த வரிசை ஏழையாத் தெரியும்னாங்க. சிறுசுக்கு மேலயும் கீழயும் ரெண்டு விரல் பட்டி, நடுத்தரத்துக்கு ஒரு விரல், சரோஜாவோடதுக்குச் சும்மா ஒரு கோடு மாதிரி. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவுல நெட்டுக்க ஒரு பட்டி. எந்த எடத்துல வரிசை குறையுதோ அங்க பட்டி அகலம், எங்க மிஞ்சுதோ அங்க ஒடுக்கம். அஞ்சு வரிசையும் ஒரே நீளத்துக்கு வந்துருச்சு. கடைசியா ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவுல நீளப் பட்டி. அதுல என்னமோ குண்டூசி வேலை செஞ்சாங்க, நான் கவனிக்கல. தைச்சு முடிச்சு வெளிச்சத்துல பிடிச்சப்ப, அந்தச் சேத்துக் கலர் எங்கயும் கண்ணுக்குப் படல. கட்டம் மட்டும்தான் தெரிஞ்சுச்சு. இருபதும் ஒரே அளவுன்னு சத்தியம் பண்ணலாம் போல இருந்துச்சு. மேட்டு லயத்துக்காரி கட்டத்துக்குப் பக்கத்துல பணிய லயத்து சரோஜா கட்டம், சண்டை சச்சரவு இல்லாம.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. தப்பிச்சேன்னுதான் வந்துச்சு.

நூல் வெட்டிக்கிட்டே மதினி மெதுவாச் சொன்னாங்க. "நானும் அந்த ஹட்டன் வேலைக்குக் கேட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன் புள்ள. எழுத்து வாசிக்க அவ்வளவா வராது. ஆனா இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை மழைக்கு மலை ஏறுறது? மிஸ் கேட்டா நான்தான் பொருத்துனேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லுவதானே?"

தனக்குன்னு அவங்க எதையும் கேட்டு நான் கேள்விப்பட்டதே இல்ல. கேக்குறப்பகூட என்னைப் பார்க்கல, நூலைத்தான் பார்த்தாங்க.

"சொல்லாம என்னா மதினி"ன்னேன்.

திங்கக்கிழமை மிஸ் வந்தாங்க. போர்வையை மேசையில விரிச்சு, நாடாவை எடுத்து நெட்டுக்கும் குறுக்குக்கும் அளந்தாங்க. நாலு மூலையையும் பிடிச்சு மடிச்சுப் பார்த்தாங்க, மூலையோட மூலை சேர்ந்துச்சு. அப்புறம் ஒரு கட்டத்தை அளந்தாங்க. இன்னொண்ணை அளந்தாங்க. நிமிர்ந்து பார்த்துச் சிரிச்சாங்க. அந்த அம்மா சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

"கட்டமெல்லாம் ஒவ்வொரு அளவு. ஆனா போர்வை ஒரு நூல் பிசகேல்லை. உந்தப் பட்டி வைச்சுப் பொருத்தினது ஆர்?"

பலகைக்கு அந்தப் பக்கம் மதினி தேத்தண்ணி ஊத்துற சத்தம் கேட்டுச்சு. என் புள்ள மொதநாள் ராத்திரியெல்லாம் காய்ச்சல்ல கெடந்து, அன்னைக்குக் காலையிலயும் அதைப் புள்ளக்காம்பராவுல விட்டுட்டுத்தான் வந்திருந்தேன். இதை ஒரு சாக்காச் சொல்லல. அந்த நேரத்துல நெனைப்புல வந்தது அது, அதனால சொல்றேன்.

"நான்தான் மிஸ் பொறுப்பா நின்னு முடிச்சேன்"ன்னேன்.

பொய்யின்னு யாரும் சொல்ல முடியாத ஒரு பேச்சு. பொறுப்பு என்னோடதுதான். நின்னதும் நான்தான், மதினி உக்காந்துல்ல தச்சாங்க. அந்தப் பேச்சை நான் யோசிச்சுச் சொல்லல, வாயில தானா வந்துச்சு. தானா வந்ததுதான் இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பயமா இருக்கு.

மதினி தேத்தண்ணித் தட்டோட உள்ள வந்தாங்க. மிஸ் கப்பை வாங்கிக்கிட்டே கேட்டாங்க. "நீங்கள் எந்தக் கட்டம் தைச்சனீங்கள்?"

"நான் கட்டம் தைக்கலைங்க மிஸ்."

"ஏன், தையலுக்கு வாறேல்லையோ?"

"வருவேங்க. கூடமாட நிப்பேன்."

அவங்க கட்டம் தைக்கவே இல்லங்கிறது நெசந்தான். இருபது பேர் கட்டத்துக்கும் துணி பத்தாமப் போயிரும்னு தனக்குக் கட்டமே எடுத்துக்கல. மிஸ் "ம்ம்"ன்னுட்டுத் தேத்தண்ணியைக் குடிச்சாங்க. மதினி தட்டைப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பார்த்தாங்க. நான் ரிஜிஸ்டரைத் தொறந்து அன்னைக்குத் தேதியை எழுதுனேன்.

ஒரு மாசத்துல எனக்குக் கடுதாசி வந்துச்சு. லயமே சந்தோசப்பட்டுச்சு. நம்ம புள்ள டவுன்ல மிஸ் ஆயிட்டான்னு எங்கம்மா கோயிலுக்குத் தேங்காய் ஒடைச்சாங்க. மதினி வந்து என் கையைப் பிடிச்சு, "போயிட்டு வா புள்ள. குளிருக்குக் காதை மூடிக்க"ன்னாங்க. அடுத்த மழைக்கு அவங்க மலையில, நான் கூரைக்குக் கீழ.

இந்தக் கதையில சரோஜாவுக்குக்கூடப் பேர் இருக்கு, மதினி பேரை நான் சொல்லலன்னு நெனைக்கலாம். சொல்ல வேண்டிய எடத்துல, கேட்ட ஆளுக்கு முன்னால சொல்லல. இப்ப இங்க எழுதி யாருக்கு என்னா கெடைக்கப் போகுது.

ஹட்டன்ல மூணு வருசம் சட்டை, பாவாடை, ஸ்கூல் யூனிபாரம்னு ஓடுச்சு. நாலாவது வருசம் மறுபடியும் போர்வை வந்துச்சு. இந்தத் தடவை புத்திசாலித்தனமா இருபத்தஞ்சு தாள் வெட்டிக் குடுத்தேன். அப்பவும் கட்டம் ஒண்ணு மாதிரி ஒண்ணு வரல. கை வேறல்ல, துணி வேறல்ல. சரி, நமக்குத் தெரிஞ்ச வித்தைதானேன்னு பட்டி வச்சேன். நீளப் பட்டியை ஒரு மூலையில ஆரம்பிச்சு மெஷின் போற போக்குல தச்சு, முடியிற எடத்துல மிச்சத்தை வெட்டுனேன். விரிச்சுப் பார்த்தா போர்வை தரையில படுக்கல. ஓரமெல்லாம் அலை அலையாத் தூக்கிக்கிட்டு நிக்குது. பிரிச்சேன், தச்சேன், பிரிச்சேன். நாலு தடவை. பழகுற புள்ளைங்க இருபத்தஞ்சு பேரும் சுத்தி நின்னு பார்த்துக்கிட்டு இருக்காளுக. அலுத்துப் போச்சு. அக்கரப்பத்தனை பஸ்ல போற ஒரு ஆள்கிட்ட மதினிக்குச் சொல்லி விட்டேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்லி விட்டேன்னு கேக்காதீங்க.

ரெண்டாம் நாள் மதினி வந்து நின்னாங்க. மலைக்கு லீவு போட்டுட்டு, ரெண்டு பஸ் மாறி வந்திருந்தாங்க. மாடிப்படி ஏறுனதுல மூச்சு வாங்குச்சு, சுவரைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னாங்க. தலையில முடி தேஞ்ச எடம் இன்னும் பெருசாயிருந்துச்சு. போர்வையைப் பார்த்ததும், "பட்டியைத் தச்சுட்டு வெட்டியிருக்க. வெட்டிட்டுல்ல தைக்கணும்"ன்னாங்க. அவ்வளவுதான் சங்கதி. வரிசையை ஓரத்துல அளக்கக் கூடாது, நடுவுல அளக்கணும். அந்த அளவுக்குப் பட்டியை மொதல்லயே வெட்டிறணும். ரெண்டு மூலையிலயும் நடுவுலயும் குண்டூசி குத்தி, மிஞ்சுற துணியைக் கொஞ்சம் கொஞ்சமாப் பரத்தி விடணும். எந்தப் பக்கம் துணி கூட இருக்கோ அதை அடியில போடணும். மெஷினோட பல்லு மிச்சத்தைத் தானா உள்ள வாங்கிக்கும். அன்னைக்கு அவங்க செஞ்ச குண்டூசி வேலை இதுதான். பக்கத்துலயே இருந்தும் எனக்குத் தெரியல.

பின்னேரத்துக்குள்ள போர்வை மேசையில தண்ணி மாதிரிப் படுத்துருச்சு. ஒரு புள்ள கேட்டா, "இவங்க யாரு மிஸ்? இவ்வளவு நல்லாச் செய்றாங்க."

நான் வாயைத் தொறக்க முந்தி மதினி முந்திக்கிட்டாங்க. "ஊர்க்காரிம்மா. ஒங்க மிஸ்ஸைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

பஸ் ஸ்டாண்டுக்குக் கூடவே போனேன். பனி எறங்க ஆரம்பிச்சிருந்துச்சு. ஒரு பார்சல் ரொட்டியும் இருமல் மருந்துப் பாணி ஒரு போத்தலும் வாங்கிக் குடுத்தேன், வேணாம்னு சொல்லாம வாங்கிக்கிட்டாங்க. அது வரைக்கும் சொல்லாம வச்சிருந்ததை அப்பத்தான் சொன்னேன்.

"மதினி, அன்னைக்கு மிஸ் கேட்டப்ப நான் ஒங்க பேரைச் சொல்லல."

"தெரியும். பலகைதானே, சுவரா? காதுல விழுந்துச்சு."

அப்புறம் பஸ் வர்ற பக்கத்தையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. "ஒனக்கும் புள்ள சின்னது" அப்படி இப்படின்னு என்னையும் எதையாவது சொல்லிச் சரிக்கட்டிருவாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். எத்தனை பேருக்குச் சரிக்கட்டுன வாய். பஸ் வந்துச்சு. படியில ஒரு காலை வச்சுட்டுத் திரும்பிப் பார்த்தாங்க.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் புள்ள."

அவங்க குரல்ல கோவம்கூட இல்ல. அசதிதான் இருந்துச்சு. ஏறி உள்ள போயிட்டாங்க. அதுக்கப்புறம் நான் அவங்களைப் பார்க்கல.

ரெண்டு வருசம் கழிச்சு, ஆடி மாசத்து அடைமழையில, ஒரு வாரம் இழுப்போட கெடந்து போயிட்டாங்க. மலையில நனைஞ்சு வந்து படுத்தவங்க எந்திரிக்கலையாம். எனக்குச் சேதி வந்து நான் போறப்ப அடக்கம் முடிஞ்சு மூணு நாள் ஆகியிருந்துச்சு. மாமியார்க் கெழவி வாசல்ல உக்காந்திருந்துச்சு. "எங்களை யாரு பார்ப்பா இனிமே"ன்னு அதுபாட்டுக்குச் சொல்லிக்கிட்டிருந்துச்சு. புருசன் உள்ள இருந்தார். நான் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துட்டேன்.

வந்த மறுநாளே பழகுற புள்ளைங்க எல்லாரையும் கூப்புட்டு உக்கார வச்சுச் சொன்னேன். இந்தப் பட்டி வைக்கிற வேலை என்னோடது இல்ல, எங்க ஊர்லேருந்து முன்ன ஒரு நாள் இங்க வந்துட்டுப் போன ஒரு அம்மாவோடது. இந்த நாற்காலியும் அவங்களுக்குப் போயிருக்க வேண்டியது. அவங்க பேரையும் சொன்னேன். புள்ளைங்க தலையாட்டிக் கேட்டுக்கிட்டாளுக. ஒருத்தி எந்திரிச்சு, "எங்க மிஸ்ஸுக்குப் பெருமையே கெடையாது"ன்னா. நான் அப்படி இல்லடி, நெசமாவே சொல்றேன்னேன். அதுக்கும் சிரிச்சாளுக. அதுக்கப்புறம் வருசா வருசம் புதுசா வர்றவளுக எல்லாருக்கும் சொன்னேன். பழையவளுக புதியவளுககிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சிருப்பாளுக, மிஸ் இப்படி ஒண்ணு சொல்லுவாங்க, தன்னைத் தாழ்த்திப் பேசுறது அவங்க கொணம்னு.

நான் வேலையை விட்டு நின்னப்ப சின்னதா ஒரு கூட்டம் வச்சாங்க. மாலை, கேக், பொன்னாடை. என்கிட்டப் பழகி இப்பத் தானே கடை வச்சிருக்கிற ஒரு புள்ள மைக்கைப் பிடிச்சுப் பேசுனா. "எங்க மிஸ்ஸுக்கு எவ்வளவு பெரிய மனசுன்னா, அவங்க கண்டுபிடிச்ச வேலையைக்கூட யாரோ கொழுந்து பறிக்கிற ஒரு அம்மா செஞ்சதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க"ன்னா. மண்டபம் முழுக்கக் கை தட்டுச்சு. பக்கத்துல இருந்தவங்க எந்திரிங்க எந்திரிங்கன்னு என் முழங்கையைத் தொட்டாங்க. நான் எந்திரிச்சு, எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டேன்.